முகத்துவாரத்தில் ஒரு சைன் வளைவு: சார்பு உருமாற்றங்களும் முக்கோணவியலும் மறக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே சார்புகளின் வரைபடத்தை நகர்த்துவது, நீட்டுவது, திருப்புவது எல்லாம் வந்துவிடுகிறது. முக்கோணவியல் மூன்றாம் பாடம். இடையில் இயற்கணிதம். இதனால் மாணவர்கள் இரண்டையும் இரண்டு தனி மூட்டைகளாகச் சுமக்கிறார்கள். ஒன்றில் "கூட்டினால் இடம், கழித்தால் வலம்" என்ற விதிகள், மற்றொன்றில் √3/2, 1/2 என்று ஓர் அட்டவணை. தேர்வு முடிந்ததும் இரண்டும் மறந்துபோகின்றன.

இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கண்ணால் பார்க்க மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த இடம் வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே இருக்கிறது. அது வங்கக் கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் தினமும் இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் தாளில் வரைந்தால் கிட்டத்தட்ட ஒரு சைன் வளைவு கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே வளைவை வைத்துத்தான் நகரும்.

படி 1: அச்சுகளுக்கு உயிர் கொடுங்கள்

எக்ஸ், ஒய் என்று வெறும் எழுத்துகளாக இருக்கும்வரை எதுவும் மனதில் நிற்காது. கிடை அச்சு நேரம். நள்ளிரவைப் பூச்சியமாக வைத்து மணிக்கணக்கில் குறியுங்கள். செங்குத்து அச்சு முகத்துவாரத்தில் நட்ட ஒரு கம்பில் நீர் நிற்கும் உயரம், மீட்டரில். எஃப்(எக்ஸ்) என்றால் "எக்ஸ் மணிக்கு நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்ற கேள்விக்கான பதில். எஃப்(6) என்றால் காலை 6 மணி நீர்மட்டம்.

சென்னைக் கரையோரம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் வேறுபாடு இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஓர் உயர் ஓதத்திலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இந்த எண்களை நினைவில் வையுங்கள். கணக்குக்காக இன்றைய உயர் ஓதம் சரியாகக் காலை 6 மணிக்கு வருகிறது என்று கொள்வோம்.

படி 2: அடைப்புக்கு வெளியே உயரம், உள்ளே நேரம்

உருமாற்ற விதிகள் எத்தனை இருந்தாலும் அவை இரண்டே வகை. அடைப்புக்குறிக்கு வெளியே எழுதப்படுவது உயரத்தை மாற்றும். உள்ளே எழுதப்படுவது நேரத்தை மாற்றும்.

வெளியே இருப்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் அது சொன்னபடியே செய்கிறது. எஃப்(எக்ஸ்) + 1 என்றால் எல்லா நேரத்திலும் நீர் ஒரு மீட்டர் கூடுதல், வளைவு ஒரு மீட்டர் மேலே போகிறது. கம்பை ஒரு மீட்டர் ஆழமாக நட்டிருந்தாலும் இதே எண்கள்தான் கிடைத்திருக்கும். எஃப்(எக்ஸ்) − 1 என்றால் ஒன்று கீழே. நடுமட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளந்தால், 2 எஃப்(எக்ஸ்) என்பது ஏற்றமும் இறக்கமும் இரட்டிப்பான நாள். (1/2) எஃப்(எக்ஸ்) என்பது ஏற்றமும் இறக்கமும் பாதியாகச் சுருங்கிய நாள்.

மழைக்காலம் போனபின் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பழவேற்காட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்போது கடல் எவ்வளவு ஏறினாலும் ஏரிக்குள் அது தெரிவதில்லை. எஃப்க்கு முன்னால் நிற்கும் எண் பூச்சியத்தை நெருங்குகிறது, வளைவு படுத்துக் கிடைக்கோடாகிறது. மீனவர்களுக்கு இது பிழைப்பைப் பாதிக்கும் பெரிய துயரம். இறால் குஞ்சு உள்ளே வருவதும் ஏரியின் உப்பு சரியாக இருப்பதும் இந்த ஓத ஓட்டத்தை நம்பித்தான். அந்த ஒற்றைப் பெருக்கல் எண்ணின் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

படி 3: கழித்தால் ஏன் வலப்பக்கம் போகிறது?

பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முகத்துவாரத்தில் ஏறும் நீர் ஏரியின் உட்புறத்தை உடனே எட்டிவிடாது. ஆழமற்ற ஏரி, குறுகிய வாய், உராய்வு எல்லாம் அதைத் தாமதப்படுத்தும். ஏரிக்குள் இருக்கும் ஒரு துறைக்கு ஓதம் 2 மணி நேரம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்பவர் 8 மணிக்குக் காண்பது, முகத்துவாரத்தில் 6 மணிக்கு இருந்த நிலை. 9 மணிக்குக் காண்பது அங்கே 7 மணிக்கு இருந்த நிலை. எக்ஸ் மணிக்குக் காண்பது எக்ஸ் − 2 மணி நிலை. அப்படியானால் உள் துறையின் சார்பு எஃப்(எக்ஸ் − 2). அதன் உச்சி 6இல் இல்லை, 8இல் இருக்கிறது. வளைவு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது.

கழித்தல் குறி "இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அங்கே நடந்ததைப் பார்" என்கிறது. பழையதை இப்போது பார்க்கிறோம் என்றால் நாம் தாமதமாக இருக்கிறோம். தாமதம் என்றால் நேர அச்சில் வலப்பக்கம்.

நாளைய வளைவும் இப்படித்தான். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே நாளைய கடல் ஏறத்தாழ இன்றைய கடலேதான், எஃப்(எக்ஸ் − 5/6) என்று எழுதலாம். ஐம்பது நிமிடம் என்பது ஆறில் ஐந்து மணி.

படி 4: ஐந்து விதிகளுக்குப் பதில் ஒரு கேள்வி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் எது இருந்தாலும் "இது எப்போது 6 ஆகும்?" என்று கேளுங்கள். 6 என்பது நமக்குத் தெரிந்த உயர் ஓதம். உள்ளே இருப்பது 6 ஆகும் நேரத்தில்தான் புது வளைவின் உச்சி.

எஃப்(எக்ஸ் − 2): எக்ஸ் − 2 = 6, எக்ஸ் = 8. வலம்.

எஃப்(எக்ஸ் + 2): எக்ஸ் + 2 = 6, எக்ஸ் = 4. இடம்.

எஃப்(2எக்ஸ்): 2எக்ஸ் = 6, எக்ஸ் = 3. உச்சி பாதி நேரத்திலேயே வந்துவிட்டது, எல்லாமே பாதி அகலத்துக்குச் சுருங்குகிறது.

எஃப்(எக்ஸ்/2): எக்ஸ்/2 = 6, எக்ஸ் = 12. இரு மடங்கு நீள்கிறது.

எஃப்(−எக்ஸ்): −எக்ஸ் = 6, எக்ஸ் = −6. இட வலம் மாறுகிறது.

"உள்ளே இருப்பது எல்லாம் தலைகீழாக வேலை செய்யும்" என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது உண்டு. அது உண்மைதான். ஆனால் தலைகீழ் என்று மனப்பாடம் செய்தால் பாதிப் பேர் தேர்வறையில் எது தலைகீழ், எது நேர் என்று திணறுவார்கள். ஒரு சிறு சமன்பாட்டைத் தீர்ப்பது எட்டாம் வகுப்பு வேலை, அது மறக்காது.

எஃப்(எக்ஸ்/2) வெறும் பயிற்சிக்கான கற்பனை இல்லை. வியட்நாமுக்கு அருகே டோங்கின் வளைகுடாவின் சில இடங்களில் நாளொன்றுக்கு ஒரே ஓதம்தான். நம் வளைவை நேர அச்சில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுத்தால் அங்குள்ள கடல்.

படி 5: திருப்பிப் போடுதல்

− எஃப்(எக்ஸ்) என்றால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். குறி வெளியே நிற்பதால் உயரம் மாறுகிறது. எஃப்(−எக்ஸ்) என்றால் ஓதத்தை வீடியோ எடுத்துப் பின்னோக்கி ஓட்டுவது. குறி உள்ளே நிற்பதால் நேரம் மாறுகிறது. இதற்குமேல் இங்கே நிற்க வேண்டியதில்லை. கொசைன் வரும்போது இது மீண்டும் கைகொடுக்கும்.

படி 6: எல்லாம் சேர்ந்து வரும்போது

பொது வடிவம் இது: அ × எஃப்(ஆ(எக்ஸ் − இ)) + ஈ. அ என்பது ஏற்ற இறக்கத்தின் அளவு. ஆ வேகம். இ தாமதம். ஈ நடுமட்டம்.

தவறு நிகழும் இடம் எஃப்(2எக்ஸ் − 4). "4 கழிக்கிறார்கள், ஆகவே 4 வலம்" என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் பலர். 2எக்ஸ் − 4 = 6 என்று கேட்டால் எக்ஸ் = 5. உச்சி 5இல் இருக்க வேண்டும். இரண்டு வழியிலும் அங்கே போகலாம். முதலில் 4 வலம் நகர்த்திப் பிறகு பாதியாகச் சுருக்கினால் 6 பத்தாகிப் பின் ஐந்தாகும். அல்லது 2(எக்ஸ் − 2) என்று பொதுக்காரணி எடுத்து, முதலில் சுருக்கிப் பிறகு 2 நகர்த்தினால் 6 மூன்றாகிப் பின் ஐந்தாகும். இரண்டையும் கலந்தால்தான் விபரீதம். பொதுக்காரணி எடுக்கும் பழக்கத்தையே நான் சிபாரிசு செய்வேன். தாமதம் எவ்வளவு என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும்.

படி 7: முக்கோணத்துக்கு வருவோம்

செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்று மூன்று பக்கங்களும் பெயர் பெறுகின்றன. சைன் என்பது எதிர்ப்பக்கம் / கர்ணம். கொசைன் அடுத்துள்ள பக்கம் / கர்ணம். டேன்ஜென்ட் எதிர்ப்பக்கம் / அடுத்துள்ள பக்கம்.

ஏரிக்கு அப்பால் லைட்ஹவுஸ் குப்பத்தில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் என்று கொள்வோம். படகிலிருந்து உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணம் 5° என்றால், தூரம் = 50 / டேன் 5° = 50 / 0.0875, சுமார் 571 மீட்டர். புத்தகக் கணக்குகள் 30°, 60° என்றே கேட்கும். 30°க்குத் தூரம் 87 மீட்டர்தான். கடலில் இருப்பவர் கரையை இத்தனை பெரிய கோணத்தில் பார்ப்பது அரிது. அசல் கடல் சின்னக் கோணங்களால் ஆனது. அதனால்தான் சின்னக் கோணத்தில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 8: ஐந்து கோணங்களும் ஆரியபட்டரும்

0°, 30°, 45°, 60°, 90° ஆகியவற்றின் சைன் மதிப்புகளுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு: √0/2, √1/2, √2/2, √3/2, √4/2. கொசைனுக்கு அதையே பின்னிருந்து எழுதுங்கள். டேன் வேண்டுமென்றால் வகுங்கள்.

உபாயத்தோடு நிறுத்த வேண்டாம், அது எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். பக்கம் 2 கொண்ட சமபக்க முக்கோணத்தை நடுவில் பிளந்தால் பக்கங்கள் 1, √3, 2, கோணங்கள் 30°, 60°. பக்கம் 1 கொண்ட சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் 1, 1, √2, கோணம் 45°. தேர்வறையில் நினைவு தடுமாறினால் இந்த இரண்டு படங்களை விளிம்பில் போட முப்பது விநாடி போதும்.

கி.பி. 499இல் ஆரியபட்டர் 24 சைன் மதிப்புகளுக்கான வழியைச் செய்யுளில் அடக்கினார். அவர் எடுத்த வட்டத்தின் ஆரம் 3438. ஏன் அந்த எண்? முழு வட்டத்தில் 360 × 60 = 21,600 கலைகள் (ஒரு பாகைக்கு 60 கலை), அதை இரண்டு பையால் வகுத்தால் கிட்டத்தட்ட 3438. ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகில் அளக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கிறார். இன்று நாம் ரேடியன் என்று படிப்பதன் உட்கரு இதுதான். அவருடைய முறையில் 30°க்கு மதிப்பு 1719, அதாவது 3438இல் சரிபாதி. முதல் கோணமான 225 கலைக்கு, அதாவது 3°45′க்கு, சைனும் 225. சின்னக் கோணத்தில் வில்லும் சைனும் ஏறத்தாழ ஒன்றுதான். நம் 5°யை ரேடியனாக்கினால் 0.0873, டேன் 5° என்பது 0.0875. கால்குலேட்டர் இல்லாமலே படகின் தூரம் கிடைத்துவிடும்.

படி 9: வட்டமும் குறிகளும்

ஆரம் 1 கொண்ட வட்டத்தில் ஒரு புள்ளி சுற்றுகிறது. அதன் கிடை அளவு கொசைன், செங்குத்து அளவு சைன். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் "ஆல் சில்வர் டீ கப்ஸ்" எந்தக் காற்பகுதியில் எது நேர்க்குறி என்று சொல்கிறது: முதலில் எல்லாம், இரண்டில் சைன், மூன்றில் டேன், நான்கில் கொசைன். நல்ல சூத்திரம். ஆனால் வட்டத்தை மனதில் பார்ப்பவருக்கு அது தேவைப்படாது. இடப்பக்கம் இருக்கும் புள்ளிக்குக் கொசைன் குறைக்குறி, கீழே இருக்கும் புள்ளிக்குச் சைன் குறைக்குறி, அவ்வளவுதான். அதே வட்டத்தில் பிதாகரசைப் பொருத்தினால் சைன்² + கொசைன்² = 1. அதைக் கொசைன்²ஆல் வகுத்தால் 1 + டேன்² = சீகன்ட்². சைன்²ஆல் வகுத்தால் மூன்றாவது முற்றொருமை. மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

படி 10: மணிக்கு 29 பாகை

12 மணி 25 நிமிடத்தில் கடல் ஒரு முழுச் சுற்றை, அதாவது 360°யை முடிக்கிறது. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 29°. கிட்டத்தட்ட 30°!

இதன் பொருள் என்ன என்றால், மனப்பாட அட்டவணையே உயர் ஓதத்துக்குப் பிந்தைய மணிகளின் அட்டவணை. உச்சியில் 0°, கொசைன் 1. ஒரு மணி கழித்து ஏறத்தாழ 30°, கொசைன் 0.87. இரண்டு மணி கழித்து 60°, 0.5. மூன்று மணி கழித்து 90°, பூச்சியம், அதாவது நடுமட்டம். உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே ஒரு மீட்டர் என்றால், அதில் பாதிதான் அ, அதாவது 0.5. முதல் மணியில் நீர் சுமார் 7 சென்டிமீட்டர்தான் வற்றும். இரண்டாம் மணியில் 18. மூன்றாம் மணியில் 25. உச்சியில் நீர் தயங்கி நிற்பதும், நடுவில் முகத்துவாரத்தில் இழுப்பு பலமாவதும் இதனால்தான். உலகமெங்கும் மாலுமிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்ற கணக்கும் இந்த வளைவின் எளிய வடிவமே.

கடிகாரத்தை உயர் ஓதத்தில் தொடங்கினால் வளைவு கொசைன். அங்கிருந்து முன்னே போனாலும் பின்னே போனாலும் நீர் ஒரே மாதிரி இறங்குகிறது, ஆகவே கொசைன்(−எக்ஸ்) = கொசைன் எக்ஸ். நடுமட்டத்தில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது தொடங்கினால் வளைவு சைன். பின்னோக்கி ஓட்டினால் ஏற்றம் இறக்கமாகிவிடும், ஆகவே சைன்(−எக்ஸ்) = − சைன் எக்ஸ். இரண்டும் ஒரே கடல், தொடங்கிய நேரம் மட்டும் 90° வேறு: கொசைன் எக்ஸ் = சைன்(எக்ஸ் + 90°). கூட்டல் என்றால் இடப்பக்கம், அதாவது முந்துதல். சைன் இன்னும் ஏறிக்கொண்டிருக்க, கொசைன் உச்சியை அடைந்துவிட்டது. அரைச் சுற்றுக் கழித்து மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும்: சைன்(எக்ஸ் + 180°) = − சைன் எக்ஸ்.

ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறையில் ஒருவருக்கு வந்த முறை சுற்று முடிந்ததும் மீண்டும் அவருக்கே வருமல்லவா? எத்தனை நாளில் திரும்புகிறதோ அதுதான் சுற்றுக்காலம். வளைவுக்கும் அதே பொருள்தான்.

படி 11: கரையிலிருந்தே தூரம் அளக்க

1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஒரு நேர்க்கோட்டை நூறடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் கோடு, 57 நாள் உழைப்பு. அந்த ஒரு பக்கத்தை உறுதியாக அளந்துவிட்டால், அதன்பின் கோணங்களை மட்டும் அளந்து அடுத்தடுத்த முக்கோணங்களால் நாடு முழுவதையும் கணக்கிடலாம். கோணம் அளக்கும் அரை டன் கருவியான தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமான கதையும் இந்தப் பணியில் உண்டு. பின்னாளில் ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இந்த முக்கோணச் சங்கிலியின் தொடர்ச்சியில்தான்.

நீங்களும் செய்யலாம். மணலில் 100 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் குச்சி நடுங்கள். நங்கூரமிட்ட படகை ஒரு முனையிலிருந்து பார்க்கும் கோணம் 80°, மறுமுனையில் 85° என்றால் படகில் அமையும் கோணம் 15°. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண் கிடைக்கும் என்பது சைன் விதி. அதன்படி முதல் முனையிலிருந்து படகின் தூரம் = 100 × சைன் 85° / சைன் 15°, சுமார் 385 மீட்டர். பெரிய பாகைமானி ஒன்றும் நண்பர் ஒருவரும் போதும். ஒரு மாலை செலவிட்டால் சைன் விதி ஆயுளுக்கும் கூட வரும்.

படி 12: பயிற்சி

படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு வரைவதே நினைவை உறுதிசெய்யும். வெற்றுத்தாளில் சமபக்க முக்கோணம், சதுரம், வட்டம், ஒரு சைன் வளைவு நான்கையும் வரைந்து மற்றதை அவற்றிலிருந்து வருவியுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. சிறுவன் ராமானுஜன் கரைத்துக் குடித்த லோனியின் முக்கோணவியல் நூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பாடப்புத்தகப் பயிற்சிகள் முடிந்தபின் அதில் கைவைக்கலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. லாம்டன் தொடங்கிய பணியையும் தன்னுள் கொண்ட இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணைகளை வெளியிடுகிறது. அதில் ஒரு நாள் உயர் ஓதம் காலை 7.30க்கு 1.1 மீட்டர், அடுத்த தாழ் ஓதம் பகல் 1.42க்கு 0.2 மீட்டர் என்று இருப்பதாகக் கொள்ளுங்கள். நடுமட்டம் இரண்டின் சராசரி, 0.65. ஏற்ற இறக்க அளவு வேறுபாட்டில் பாதி, 0.45. இடையே 6.2 மணி, அது அரைச் சுற்று, ஆகவே வேகம் 180/6.2, மணிக்கு 29°. தாமதம் 7.5. சமன்பாடு: ஒய் = 0.45 கொசைன்(29°(எக்ஸ் − 7.5)) + 0.65. காலை 9.30க்கு அடைப்புக்குள் 58°, கொசைன் 0.53, நீர்மட்டம் 0.89 மீட்டர். மறுநாளுக்கு 7.5 இருக்கும் இடத்தில் 8.33 போடுங்கள்.